மண்ணில் படாத மரம்

அன்றைய பேச்சு கிருஷ்ணப்ரியாவுக்கு வரிசை மாறாமல் நினைவிருக்கிறது. அவள் காகிதப் பொட்டலத்தைப் பிரித்து வைத்ததும் கனகம் கேட்டது, "கசகசாவா கண்ணு?"

இல்லை, உங்களிடம் வாங்கிய புத்தக அலமாரிக்கு அடியில் கிடந்தது என்றாள். கனகம் ஒரு சிட்டிகை எடுத்து விரலில் உருட்டினாள்.

"மைன்ஸ் தூசி. இந்த ஊர்ல சோத்துலயே வுழுது, அலமாரிகிட்ட வுழாதா?"

தூசி என்றால் வீடெங்கும் விழும். இது பெருக்கப் பெருக்க ஒரே இடத்தில் குவிகிறது. செல்லாக இருக்கும் என்று கிருஷ்ணப்ரியா மெல்லச் சொன்னாள். கரையானுக்கு அந்தப் பக்கம் செல்லு என்றுதான் பெயர். கனகத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. செல்லு என்றால் சுவரில் அது ஏறிவரும் மண்கோடு எங்கே?

"உங்க குவார்ட்டர்ஸ் மாடில. செல்லு இன்னா படியேறியா வரும்?"

"ஏறி வரலக்கா. அலமாரிக்குள்ளயே வந்திருக்கு."

கனகம் சிரிப்பை நிறுத்தினாள்.

சிரித்ததற்குக் காரணம் இருந்தது. கணவர் துரைராஜ் முதுகு வலியால் நிலக்கரி மைன்ஸில் கான்ட்ராக்ட் வேலையை விட்டபின், மந்தாரக்குப்பத்தில் அவள் நடத்தும் பழைய மரச்சாமான் கடையே அந்தக் குடும்பத்தின் சோறு. ரிட்டயராகி குவார்ட்டர்ஸைக் காலி செய்கிறவர்கள் விட்டுப்போகும் கட்டிலும் பீரோவும் அவளிடம்தான் வரும். ஒவ்வொன்றுக்கும் பழைய சொந்தக்காரரின் பெயர்தான். ராஜ்மோகன் சார் மேசை, பார்வதி டீச்சர் ஊஞ்சல். எந்த மேசையில் படித்த பிள்ளை இன்ஜினியர் ஆனான் என்பதுவரை சொல்லித்தான் விற்பாள். கடையில் எல்லாக் கால்களும் செங்கல்மேல் நிற்கும். அடியில் பழைய இன்ஜின் ஆயில் பூசியிருக்கும். "மண்ணுல படாத மரத்த செல்லு தொடாது, நா கேரண்டி" என்பாள். பெண்ணுக்குச் சீர் வாங்குகிறவர்கள் அந்தச் சொல்லை நம்பியே புதுக்கடைகளைத் தாண்டி அவளிடம் வந்தார்கள்.

அந்தச் சொல் மண்ணில் வாழும் செல்லுக்குச் சரி. கிருஷ்ணப்ரியா படித்தது வேறு வகையைப் பற்றி. உலர்மரக் கரையானுக்கு மண்ணே வேண்டாம். சிறகு முளைத்த ஒரு ஜோடி மர இடுக்கில் இறங்கும், சிறகை உதிர்க்கும், உள்ளே துளைத்துக்கொண்டு போய் வாசலை அடைத்துக்கொள்ளும். தின்பது மரம், குடியிருப்பதும் அதே மரம். காய்ந்த மரத்தில் உள்ள கொஞ்ச ஈரமே அதற்குப் போதும். அதையும் வீணாக்காமல் எச்சத்திலிருந்து உறிஞ்சிக்கொள்ளும். அதனால்தான் எச்சம் காய்ந்த மணியாக விழுகிறது. உள்ளே இடம் நிறைந்தால் ஊசித்துளை ஒன்றைத் திறந்து வெளியே தள்ளிவிட்டு மறுபடி மூடிவிடும். காட்டில் பட்டுப்போன கிளைகளைத் தின்று தீர்ப்பது அதன் வேலை. அலமாரியும் அதற்கு ஒரு பட்ட கிளைதான். பெருகுவது மெதுவாக, மேல்தோல் வழவழப்பாக இருக்க, உள்ளே கூடாகிப்போக வருடங்கள் ஆகும்.

இதையெல்லாம் இவ்வளவு கோவையாக அவளுக்குச் சொல்ல வரவில்லை. மணிகளைப் போனில் படமெடுத்துப் பெரிதாக்கிக் காட்டினாள். ஒவ்வொன்றுக்கும் ஆறு பட்டை.

"அச்சுல வார்த்த மாதிரி இருக்கே," என்றாள் கனகம். பிறகு, "ஒரு வூட்லேர்ந்து இன்னொரு வூட்டுக்கு எப்டிப் போவும்?"

"சிறகு வர்றப்போ கொஞ்ச தூரம் பறக்கும். ஊர் தாண்டிப் போறது சாமானோடதான்."

"அப்போ தூக்கிக்கினு போறது நாம்ப."

அலமாரி கருணாகரன் சார் வீட்டுச் சாமான். அதோடு சேர்ந்து வந்த தேக்குக் கட்டிலை நெல்லிக்குப்பத்தில் வாழப்போன எழில்மதிக்குச் சீராக, அதே கேரண்டி சொல்லி, விற்றிருந்தாள். அங்கே புதிதாகக் கட்டிய வீடு. நிலையும் கதவும் புது மரம். கடையில் இருந்தபோது அந்தக் கட்டிலுக்கு அடியிலும் இப்படி மணி கிடந்ததைக் கனகம்தான் பெருக்கித் தள்ளியிருந்தாள். மைன்ஸ் தூசி என்று.

"வெளில தெரிய வருஷக்கணக்கா ஆவும், இல்ல?" என்று கேட்டாள்.

ஆகும் என்று கிருஷ்ணப்ரியா தலையசைத்தாள். கனகம் எழுந்து போய் ஒவ்வொரு கட்டிலாகத் தட்டிக்கொண்டே கடையின் கோடிவரை நடந்தாள். திரும்பி வந்து, சிந்தியிருந்த மணிகளைக் கூட்டிப் பொட்டலத்தை மடித்து அவள் கையில் கொடுத்தாள்.

"நாளைக்கு எங்கூட நெல்லிக்குப்பம் வா கண்ணு. கட்டிலத் திருப்பி எடுத்துக்கினு வந்துடலாம். நீ பேசற ஆளு இல்லன்னு தெரியும், பேச வேணாம். அங்க மாமியாக்காரி மூஞ்சியப் பாத்ததும் நா எதுனா மழுப்ப ஆரம்பிச்சன்னா, இந்தப் பொட்டலத்த மட்டும் அவங்க எதுர்ல பிரிச்சி வெச்சிடு."