சாரணர் கொட்டகைக்குத் தகரம் ஏறிய காலை

எனக்கு வயது எழுபத்தொன்று. ஐந்து பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினேன். அதில் மூன்று பேர் எங்கள் ஊர்ப் பள்ளிச் சாரணர் படையில் இருந்தவர்கள். அப்போது கூடாரமும் கயிறும் வைக்க அந்தப் படைக்கு இடமில்லை. தீபாவளி முடிந்து நாங்கள் வேலை பார்த்த பட்டாசுக் கம்பெனிகள் மூடிக்கிடந்தபோது, தாய்மார் நாங்களே மண் சுமந்து ஒரு கொட்டகைக்குச் சுவர் எழுப்பினோம். கம்பெனி திறக்கும் நாள் வந்தும் கூரை ஏறவில்லை. வானம் இருட்டிக்கொண்டு வந்தது. மழை பெய்தால் மண்சுவர் கரைந்துவிடும்.

அன்று விடியலில் நாங்கள் தகரம் ஏற்றிக்கொண்டிருந்தபோது, எங்களை வேலைக்கு ஏற்றிப்போக கம்பெனி வேன் வந்து ஹார்ன் அடித்தது.

“ஏலே, அடிச்சது போதும். எறங்கி இந்தத் தகரத்த ஒரு கை பிடி” என்றேன் டிரைவரிடம்.

“லேட்டானா போர்மேன் வைவாரு அத்தை.”

“ஆளில்லாம வெறும் வேனோட போனா மட்டும் மாலையா போடுவாரு?”

சிரித்துக்கொண்டே இறங்கியவர் கூரைமேல் ஏறிவிட்டார். கடைசித் தகரத்துக்கு ஆணி அடிக்கையில் தூறல் விழுந்தது. சுவர் நின்றது. பிற்பாடு அதைச் சிமெண்டில் கட்டினார்கள். இன்றும் பிள்ளைகள் அங்கேதான் காயத்துக்குக் கட்டுப்போடப் படிக்கிறார்கள்.

அன்றைக்கு அவசரமாக வேனில் ஏறியதில், அந்த டிரைவர் தம்பிக்கு ஒரு நன்றிகூடச் சொல்லவில்லை; பிறகும் சொல்லாமலே போய்விட்டது. அதற்காகத்தான் இதை எழுதினேன்.

பேத்தியைக் கூப்பிட்டேன். “தாயி, இத ஒருக்கா சத்தமா வாசி. அந்தத் தம்பி கூரைமேல ஏறுனத ஒழுங்கா எழுதியிருக்கேனான்னு பாப்போம்.”