நிலாவுக்கு ஒரு மூலச்சொல், எனக்கு ஒரு தீர்மானம்

துண்டறிக்கை விற்பவனுக்கு வாய்தான் கடை. அதற்கு முதல் பூட்டுப் போடுபவன் சொந்த மன்றத்துக்காரன். பட்டவர்களுக்குத் தெரியும். எனக்கு நடந்ததை வரிசையாகவே சொல்கிறேன். முதலில், எங்கள் தமிழ் மன்றம் நடத்திய மறியலில் கைதானவர்கள் பட்டியலில் என்னை ‘மற்றும் பலர்’ ஆக்கினார்கள். அடுத்து, நான் எழுதிய அறிக்கையைச் செயலாளர் பெயரில் அச்சிட்டார்கள். அதற்கும் அடுத்து, மாநாட்டில் என் முறை வந்ததும் நேராக நன்றியுரைக்குப் போனார்கள். அப்போதும் நான் மன்றத்தை விட்டுப் போகவில்லை. எனக்கு வேறு வீடு கிடையாது.

யாரும் கேட்காத சொல்

நிலாவைப் பற்றிய அறிக்கையை எழுதிய நாட்களில் எனக்குச் சோறு இறங்கவில்லை, அவ்வளவு பரபரப்பு! ஆங்கிலத்தின் ‘மூன்’, பாரசீகத்தின் ‘மாஹ்’, வடமொழியின் ‘மாஸ’, எல்லாம் ஒரு தாய் பிள்ளைகள்! தாய்ச்சொல் ஏறக்குறைய ‘மேன்ஸ்’ என்று ஒலித்திருக்குமாம். அது எந்தக் கல்வெட்டிலும் இல்லை. பிள்ளைகளின் முகத்தைப் பார்த்து மொழியறிஞர்கள் தாயை வரைந்திருக்கிறார்கள். அளப்பது என்று பொருள்படும் வேரிலிருந்து பிறந்திருக்கலாம் என்கிறார்கள். நாட்களை அளக்கும் விளக்கு!

தி.நகர் பனகல் பூங்கா வாசலில், “யாரும் காதால் கேட்டிராத சொல்!” என்று கூவினேன். பக்கத்தில் பூ விற்ற அம்மா நிமிர்ந்து பார்த்தார். “யாரும் காதுல வாங்காத பேச்சா? அத்தத்தான் நைனா நான் தெனம் வூட்ல பேசிக்கினு கீறேன்!”

மயிலாப்பூர் மாமா

குளக்கரையில் ஒரு மாமா எனக்குப் பழைய எதிரி. என் ஒவ்வோர் அறிக்கையையும் வாங்கிப் படித்துவிட்டுச் சண்டைக்கு வருவார். இதைப் படித்ததும் முகம் மலர்ந்து, “மாஸம் எங்களோடதுன்னு ஒத்துண்டுட்டீரே, பேஷ்!” என்றார்.

“அவசரப்படாதீர். அது வெள்ளைக்காரனுக்கும் பாரசீகக்காரனுக்கும் பங்காளிச் சொத்து. மேலே படியும். நம் திங்களும் நிலாதான், மாதமும்தான். ஒட்டும் உறவும் இல்லாத இரண்டு கூட்டம் ஒரே வானத்தைப் பார்த்து ஒரே மாதிரி யோசித்திருக்கிறது!” என்றேன்.

மாமா மடித்த தாளை விசிறியாக்கி வீசிக்கொண்டார். “அப்போ இத்தனை வருஷமா நாம எதுக்கு ஓய் அடிச்சுண்டோம்?”

ஒரே ஒரு வரி

செயலாளருக்கு அறிக்கையின் கடைசி வரிதான் உறுத்தியது: ‘இச்சொல் நம்மிடமிருந்து போனதற்குச் சான்று இல்லை.’ அதை, ‘தமிழிலிருந்தே போனது’ என்று மாற்றச் சொன்னார். இல்லாவிட்டால் மன்றத்தில் இடமில்லை என்றார். சான்றைக் காட்டுங்கள், என் செலவிலேயே அச்சடிக்கிறேன் என்றேன்.

“சான்றுக்கு இன்னா அண்ணே அவசரம்? மொதல்ல சொல்லிடுவோம், அப்பால தேடிக்கலாம்” என்றார் அவர்.

அடையாறு கூட்டம்

வரியை நான் மாற்றவில்லை. அடையாறில் பொதுக்குழுவைக் கூட்டினார்கள். தேநீர் கொடுத்தவுடனே தீர்மானம். அருகில் இருந்த தோழர் என் காதோரம், “மாப்பு கேட்டுடுங்க அண்ணே, இன்னும் டைம் கீது” என்றார். நான் எழுந்து, “அளந்து எழுதிய வரி அது” என்று மட்டும் சொல்லி உட்கார்ந்தேன்.

ஆக, வாழ்நாளெல்லாம் எந்த மேடையிலும் வாசிக்காத என் பெயரை, வெளியேற்றுவதற்காகவாவது தலைவர் எழுந்து நின்று, தொண்டையைச் செருமி, முதலெழுத்துகூடப் பிசகாமல் சபையறிய வாசித்தார்: “மே. கு. தணிகாசலம்.”