மாதா காலடியில் கறிவேப்பிலை

மாசாயில் நாங்கள் குடியிருந்த வரிசை வீட்டில் மண் என்பது மருந்துக்கும் கிடையாது. முன்னால் சிமெண்டு, பின்னால் சிமெண்டு. மழை பெய்தால் தண்ணீர் நேராக லோங்காங்கில் போய் விழும். சாக்கடையை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். அதனால் அம்மாவின் ஊரான சாஆவிலிருந்து ஒரு கறிவேப்பிலைக் கன்று வந்தபோது, அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் அம்மா கையில் வைத்துக்கொண்டே வீட்டைச் சுற்றி வந்தார்.

கன்றைக் கொண்டுவந்தவர் ஒரு லாரிக்காரர். பால் டின்னில் நட்டிருந்தது. “ஒங்க அண்ணன் குடுத்தாருங்க. வருசக் கடைசிப் பள்ளிக்கூட லீவுல வர்றேன்னு சொல்லச் சொன்னாரு. செடி எப்படி இருக்குன்னு பாக்கணுமாம்” என்றார்.

அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “செடியப் பாக்கவா சாஆலேர்ந்து பஸ்ஸு ஏறி வர்றாரு?”

“அண்ணன் அப்படித்தான். எதையும் நேரா சொல்லாது” என்றார் அம்மா. கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

அம்மா பிறந்து வளர்ந்தது சாஆ பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில். அவர்கள் இந்துக் குடும்பம். அப்பா கத்தோலிக்கர். மாதா கோவிலில் கல்யாணம் நடந்த நாளோடு அம்மா வீட்டார் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். எனக்கு மாமா ஒருவர் இருக்கிறார் என்பதே அந்தப் பால் டின் வந்த பிறகுதான் தெரியும். அப்போது நான் தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் வகுப்பு.

எங்கள் வீட்டில் அத்தையும் இருந்தார். அப்பாவின் அக்கா. கல்யாணம் செய்துகொள்ளாமல் அப்பாவை வளர்த்து ஆளாக்கியவர். சமையலறையும் மாதாவும் அவர் பொறுப்பு. முன்வாசல் கூரைக்குக் கீழே, சுவரோரம் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் மாதா சுரூபம் இருக்கும். அத்தையும் அம்மாவும் சண்டை போட்டு நான் பார்த்ததில்லை. ஒருவருக்கொருவர் மரியாதையாகத்தான் இருந்தார்கள். அந்த மரியாதைதான் கொஞ்சம் அதிகம். அத்தை அம்மாவை “இந்தாம்மா” என்பார். அம்மா “அண்ணி” என்பார். மீதியெல்லாம் அப்பா வழியாகப் போய்வரும்.

அம்மா ஒரு பெரிய மண் தொட்டி வாங்கி, கன்றை அதில் நட்டு, கேட்டுக்குப் பக்கத்தில் வெயிலில் வைத்தார். நன்றாகத்தான் வந்தது. என் இடுப்பு உயரம் வளர்ந்த பிறகு ஒரு நாள் அத்தை அதைப் பார்த்து, “வெயில்ல கருகுது பாவம்” என்று சொல்லி, அப்பாவை விட்டுத் தூக்கி மாதா காலடியில் வைக்கச் செய்தார். காலை வெயில் அங்கேயும் சாய்வாக வரும். அம்மா மறுத்துப் பேசவில்லை.

அதற்குப் பிறகுதான் செடிக்கு என்னவோ ஆகிவிட்டது.

முதலில் இலை ஓரங்கள் தீய்ந்தன. இஸ்திரிப் பெட்டி பட்ட துணி மாதிரி பழுப்பு நிறம். அப்புறம் மஞ்சள். அப்புறம் தொட்டாலே உதிர ஆரம்பித்தது. உரம் போதவில்லை என்றார் அப்பா. வேலையிடத்தில் யாரிடமோ கேட்டு ஒரு கைப்பிடி உரம் கொண்டுவந்து போட்டார். இருந்த இலையும் பாதி கொட்டிவிட்டது. பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா, நாங்கள் மாக்சிக் என்று கூப்பிடுகிறவர், மதிலுக்கு மேலே தலையை நீட்டி, “அலாமாக்! பாஞாக் ஆயர் லா, காக்” என்றார். தண்ணீர் அதிகமாம். அம்மா தண்ணீரைக் குறைத்தார். மண் காய்ந்து, தொட்டி ஓரமெல்லாம் வெள்ளையாக ஏதோ பூத்ததே தவிர செடி தேறவில்லை.

பள்ளி விடுமுறை நெருங்கிக்கொண்டிருந்தது. அம்மாவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

“அண்ணன் வந்து பாக்கறப்ப வெறுங்குச்சி நின்னா என்ன நெனைக்கும்? நம்ம வீட்டுச் செடியே அங்க பொழைக்கல, தங்கச்சி எந்த லட்சணத்துல இருக்குதோன்னுதானே நெனைக்கும்? அப்புறம் இந்த வாசப்படிய மிதிக்குமா?”

“ஒங்க அண்ணன் என்னா போலீஸா? பாசார்ல வேற செடி வாங்கி வெச்சிட்டா தெரியவா போவுது?” என்றார் அப்பா.

“வாசத்துலயே கண்டுபிடிச்சிரும்.”



எனக்கு அப்போது கண்ணில் படுவதையெல்லாம் நாக்கில் வைத்துப் பார்க்கும் பழக்கம். சுவரின் சுண்ணாம்பு, பென்சில் முனை, பூட்டு எதையும் விட்டதில்லை. பேசுவதற்குக் கூச்சப்படுகிற பிள்ளைகளுக்கு வாய்க்கு வேறு வேலை வேண்டுமல்லவா. தொட்டி ஓரத்தில் பூத்திருந்த வெள்ளை, பிஸ்கட் மேல் தூவிய சீனி மாதிரி இருந்தது. விரலால் தடவி நக்கினேன்.

“மா, உப்பு!”

அம்மா ஓடிவந்து முதலில் என் கையில் ஒன்று போட்டார். பிறகு தானும் விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். முகம் மாறிவிட்டது.

“மண்ணுல யாருடா உப்பு போட்டா?”

“அத்தைதான் வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம ஊத்துவாங்களே” என்றேன்.

வீட்டில் நான் மட்டும்தான் அதைப் பார்த்திருந்தேன் போலிருக்கிறது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அம்மா வேலை முடிந்து வருவதற்கு முன்பே அது நடந்துவிடும். கோவிலில் சாமியார் மந்திரித்துக் கொடுத்த உப்பை அத்தை ஒரு டப்பாவில் வைத்திருந்தார். அதில் ஒரு பிடி எடுத்துத் தண்ணீரில் கரைத்து அறை அறையாகத் தெளிப்பார். மிஞ்சிய தீர்த்தத்தை லோங்காங்கில் கொட்டக்கூடாது, பாவம். அது மண்ணுக்குத்தான் போகவேண்டும். எங்கள் வீட்டில் மண் இருந்த ஒரே இடம் அந்தத் தொட்டி. கேட்டுப் பக்கம் இருந்தவரை மழை வந்து உப்பைக் கழுவிக்கொண்டு போயிருக்கிறது. கூரைக்குக் கீழே வந்த பிறகு கழுவ ஆளில்லை. செடி வாட வாட, குணமாகட்டும் என்று அத்தை தீர்த்தத்தையும் கூட்டியிருக்கிறார்.

இதெல்லாம் இன்றைக்கு எழுத வரும்போது வரிசையாகத் தெரிகிறது. அன்றைக்கு அம்மாவுக்கு அப்படித் தெரிந்திருக்காது. தாய்வீட்டிலிருந்து வந்த ஒரே செடி, அதில் நாத்தனார் உப்புத் தண்ணீர் ஊற்றுகிறார். அவ்வளவுதான் தெரிந்திருக்கும். அம்மா படியில் உட்கார்ந்துவிட்டார். அப்பாவிடம்கூட ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அந்த வாரம் முழுக்க எங்கள் வீட்டில் பாத்திரங்கள் சத்தமாகவே கீழே வைக்கப்பட்டன.

வெள்ளிக்கிழமை அம்மா வேலையிலிருந்து சீக்கிரமே வந்துவிட்டார். என்னையும் பிடித்துக்கொண்டு முன்கதவுக்குப் பின்னால் நின்றார். அவர் கை என் தோளில் இறுகியிருந்தது. இன்றைக்கு ஒரு பெரிய சண்டை பார்க்கலாம் என்று நான் கொஞ்சம் ஆசையாகவே காத்திருந்தேன்.

அத்தை கிண்ணத்தோடு வந்தார். மாதாவுக்கு முன்னால் சிலுவை போட்டுக்கொண்டார். தீர்த்தத்தைத் தொட்டி முழுவதும் சுற்றி, ஒரு சொட்டு வெளியே சிந்தாமல் ஊற்றினார். பிறகு மொட்டையாக நின்ற கிளை ஒன்றைப் பிடித்துக்கொண்டு மாதாவிடம் பேசினார்.

“தாயே, இது அந்தப் புள்ள வீட்டுச் செடி. அண்ணன் வர்றாருன்னு அது சோறு தண்ணி எறங்காம கெடக்கு. அவரு வர்றதுக்குள்ள இதத் தழைக்க வெச்சிரும்மா. எங்கிட்ட அது வாயத் தொறந்து சொல்லாது. நான்தான் ஒங்கிட்ட சொல்றேன்.”

என் தோளிலிருந்த கை தளர்ந்தது. அம்மா பூனை மாதிரிப் பின்னால் நகர்ந்து என்னையும் உள்ளே இழுத்தார்.

“மா, போய்க் கேக்கலியா?”

“சும்மா இரு.”

எனக்குப் பெரிய ஏமாற்றம்.

மறுநாள் காலை அத்தை பாசாருக்குப் போனதும் அம்மா சேலையைத் தூக்கிச் செருகினார். தொட்டிக்கு அடியில் மண் அடைத்திருந்த ஓட்டையைத் திருப்புளியால் குத்தித் திறந்தார். மேலே பூத்திருந்த வெள்ளை மண்ணைச் சுரண்டி எடுத்தார். தீய்ந்த கிளைகளைக் கத்தரித்தார். தொட்டியைக் கல் மேல் ஏற்றி, கீழே ஒரு பேசினை வைத்து, குழாய்த் தண்ணீரை மெதுவாக விட்டார். மேலே ஊற்றிய தண்ணீர் கீழே பழுப்பாக இறங்கியது.

“நக்கிப் பாரு” என்றார். அதுவரை அடித்துத் திருத்தப் பார்த்த பழக்கத்துக்கு அன்றைக்கு மரியாதை வந்துவிட்டது.

“கரிக்குது.”

மறுபடியும் ஊற்றினார். “இப்ப?”

“கொஞ்சம் கரிக்குது.”

பேசின் நிறைந்ததும் நான் லோங்காங் பக்கம் இழுத்தேன். அம்மா விடவில்லை. “தீர்த்தம்டா அதுல இருக்கு” என்று சொல்லி, வீட்டு வரிசை முடிகிற இடத்தில் இருந்த திடல்வரை ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கிக்கொண்டு போனோம். புல்லில் ஊற்றிவிட்டு வந்தோம். நிறைந்தது, திரும்பவும் போனோம். மாக்சிக் மதிலுக்கு மேலே பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். எனக்குக் கை விட்டுப்போயிற்று. பக்கத்திலேயே லோங்காங் ஆவென்று வாயைத் திறந்துகொண்டு கிடந்தது.

கரிப்பு நின்ற பிறகு தொட்டி கேட்டுப் பக்கம், மழையும் வெயிலும் படும் பழைய இடத்துக்குப் போனது. அம்மா கடைக்குப் போய்ப் புதிதாக ஒரு சின்னத் தொட்டியும் ஒரு மூட்டை கறுப்பு மண்ணும் வாங்கிவந்தார். தொட்டியில் மண்ணை நிரப்பி, எதையும் நடாமல், மாதா காலடியில் வைத்தார்.

அத்தை பாசார் கூடையோடு வந்து நின்றார்.

“இது என்னா இந்தாம்மா, வெறும் மண்ணு?”

“தீர்த்தத்துக்கு அண்ணி. கறிவேப்பில சமையலுக்குப் பறிக்கறது. எல்லார் கையும் படுது, இவன் எச்சிக்கைய வேற வெக்கறான். அதுல போயி தீர்த்தம் விழலாமா? மாதாவுக்குன்னு தனியா இருக்கட்டும்.”

அத்தை புதுத் தொட்டியைப் பார்த்தார். கேட்டுப் பக்கம் நின்ற செடியைப் பார்த்தார். ஈரமாக இருந்த சிமெண்டையும் பார்த்தார்.

“அதுவும் சரிதான்” என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

அதற்குப் பிறகு அம்மா நெஞ்சில் கையை வைத்துக்கொண்டுதான் தினமும் கேட்டுப் பக்கம் போவார். துளிரை முதலில் பார்த்தவர் அத்தை. “இந்தாம்மா, ஓடியா! விட்டிருச்சி, விட்டிருச்சி!” என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கூப்பிட்டார். பட்டுப்போனதாக நினைத்த தண்டில் கொசுவின் அளவில் இளம்பச்சையாக ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. அப்பா சட்டைகூடப் போடாமல் வந்து பார்த்தார். “பாத்தியா, மாதா செஞ்சத” என்றார் அத்தை. நான் உப்பைப் பற்றிச் சொல்ல வாயைத் திறந்தேன். அம்மா என் முதுகில் கிள்ளினார். “ஆமா அண்ணி, மாதாதான்” என்றார். அன்றிரவு அம்மா இரண்டாம் முறை சோறு போட்டுக்கொண்டதை நான் பார்த்தேன்.

மாமா வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. கேட்டைத் திறந்தவர் வீட்டைப் பார்க்கவில்லை, அம்மாவையும் பார்க்கவில்லை. செடியிடம் போய் நின்றார். செடி இன்னும் சின்னதுதான். ஆனால் மேலிருந்து கீழ்வரை பச்சை. ஓர் இலையைக் கிள்ளி, கசக்கி, முகர்ந்தார்.

“நம்ம வீட்டுதுதான்” என்றார். அப்புறம்தான் அம்மாவின் முகத்தைப் பார்த்தார். “நல்லாத்தான் வெச்சிருக்கீங்க.”

“அண்ணிதான் பாத்துக்கறாங்க” என்றார் அம்மா.

கதவோரம் நின்ற அத்தை சட்டென்று சமையலறைக்குப் போய்விட்டார்.

ஞாயிறு என்றால் எங்கள் வீட்டில் மாட்டிறைச்சிப் பிரட்டல். வாரம் முழுக்க நான் அதற்காகக் காத்திருப்பேன். அன்றைக்கு இல்லை. பிரட்டல் வேகும் நல்ல பெரிய சட்டி அடுப்பங்கரையில் சும்மா கவிழ்ந்து கிடக்க, முந்தின நாள் அத்தை வாங்கிவந்த புதுச் சட்டியில் சாம்பார் கொதித்தது. கரண்டியும் புதுசு. தட்டும் புதுசு. மாமா தயங்கியபடி நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். “நான் வர்ற வழியிலயே சாப்ட்டேன் மாப்ள” என்று அப்பாவிடம் இரண்டு தரம் சொல்லிவிட்டார். அத்தை அவர் முன்னால் தட்டை வைத்தார்.

“எல்லாம் புதுச் சட்டி தம்பி. யோசிக்காம சாப்புடுங்க.”

மாமா அத்தையை நிமிர்ந்து பார்த்தார். பிறகு நாற்காலியை மேசைக்கு அருகே இழுத்துப் போட்டுக்கொண்டார். அம்மா தண்ணீர் எடுக்கப் போனவர் வெகுநேரம் திரும்பி வரவில்லை.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. இறைச்சியும் இல்லை, இதில் சட்டியைப் பற்றிப் பெருமை வேறு. அப்பாவின் காதருகே போய், “இந்த மாசம் நம்ம வீட்ல ரெண்டு சட்டி வேஸ்ட்டா வாங்கிட்டாங்கப்பா. அம்மா வெறும் மண்ணுக்கு ஒன்னு, அத்தை சாம்பாருக்கு ஒன்னு. ரெண்டுமே தேவையில்ல” என்று முறையிட்டேன்.

அப்பா என் தலையைத் தன் விலாவோடு சேர்த்து அணைத்துக்கொண்டார்.

“சத்தமா சொல்லாதடா” என்றார்.

இவ்வளவு பெரிய நஷ்டத்தை ஏன் சத்தமாகச் சொல்லக்கூடாது என்று எனக்கு விளங்கவில்லை.