தோலுக்கு அடியில்

கவின், யாழினி, இது உங்களுக்காக அப்பா எழுதுவது.

இன்று என் முதுகுத் தழும்பில் வந்த கறுப்புப் புள்ளியைச் சோதிக்க, டாக்டரம்மா ஒரு சொட்டு எண்ணெய் விட்டு லேசர் கருவியை அதன்மேல் பதித்தார். அறுக்காமலே தோலுக்கு அடியில் அடுக்கடுக்காகப் பார்க்கும் நுண்ணோக்கியாம். எண்ணெயின் குளிர்ச்சி பட்டதும் என் உடம்பு உதறியது.

அந்தத் தழும்பு விழுந்தபோது எனக்குப் பத்து வயது. துடியலூர்த் தோட்டத்தில் கரண்ட் வந்ததும் மோட்டாரைப் போடுவது என் வேலை. ஒருநாள் கோலி விளையாட்டில் மறந்துவிட்டேன். வாழைக்குத் தண்ணீர் போகவில்லை. உங்கள் தாத்தா அறுந்துகிடந்த மோட்டார் பெல்ட்டை எடுத்தார்.

"இனி மறப்பியா? மறப்பியா?"

ஒவ்வொரு கேள்விக்கும் ஓர் அடி. தடுக்க வந்த என் அம்மாவுக்கும் வாயில் ரத்தம் வந்தது. என் சட்டை கிழிந்து சதையோடு ஒட்டிக்கொண்டது. பிறகு தாத்தாவே விளக்கெண்ணெய் தடவிவிட்டார்.

"வண்டியில இருந்து உழுந்துட்டேன்னு சொல்லோணும் கண்ணு."

உங்களிடமும் அதைத்தான் சொல்லியிருந்தேன்.

டாக்டரம்மா திரையைக் காட்டினார். "புள்ளி பயப்படற மாதிரி இல்லீங்க. தழும்புதான் மேல ஆறியிருக்குது, அடியில நாரெல்லாம் முறுக்கிக் கெடக்குதுங்க. எப்படி ஆச்சுங்க?"

"எங்கப்பா அடிச்சதுங்க." முதன்முறையாகச் சொன்னேன்.

கவின், நேற்று நீ மோட்டாரை நிறுத்த மறந்து தொட்டி வழிந்தபோது, நான் இடுப்பு பெல்ட்டை உருவினேன். "இனி மறப்பியா?" என்றுதான் நானும் கேட்டேன். நீ ஓடிக் கதவைச் சாத்தியதால் அடி கதவில் விழுந்தது. அந்தத் தடத்தின்மேல் பெயிண்ட் அடிக்க மாட்டேன். அது எனக்காக அங்கேயே இருக்கட்டும்.