காபித் தோட்டத்து வெயில்

நாற்றுப் பண்ணைக்காரனுக்கு ஒரு சௌகரியம் உண்டு: துணிக்கடைக்காரரைப் போல மறுநாளே திட்டு வாங்க வேண்டியதில்லை, கன்று மரமான பிறகுதான் வந்து திட்டுவார்கள். மேட்டுப்பாளையத்தில் ஊட்டி ரோட்டோரம் பண்ணை போட்டு, தொண்ணூறுகள் முழுக்கப் பாக்கு, காபி, மரக்கன்று என்று விற்றேன். கேட்டவருக்கெல்லாம் யோசனை சொல்லி, அதை ஒருவரும் கேட்காத பிழைப்பு உங்களுக்கும் வாய்த்திருந்தால், பக்கத்தில் வந்து உட்காருங்கள்.

பார்வையாக இருக்க வேண்டும்

ரங்கசாமி அண்ணன் அன்னூர்க்காரர். கிணற்றை ஆழப்படுத்தி ஆழப்படுத்திச் சலித்துப்போய், இருந்த பூமியை விற்றுக் கோத்தகிரி மலைச்சரிவில் காபித் தோட்டம் வாங்கினார். மழை பெய்கிற இடத்தில் மிச்சக் காலத்தை ஓட்டிவிடலாம் என்று அவருக்கும் அவர் மனைவி சரஸ்வதி அக்காவுக்கும் ஆசை. இதுவும் போனால் விற்க வேறு எதுவும் கிடையாது.

காபிக் கன்று வாங்க வந்தவர், தோட்டத்துப் பலா, நாவல், அத்தி எல்லாவற்றையும் வெட்ட அனுமதி வாங்கியாயிற்று என்றார். பருத்திக் காட்டு வரப்பில் வேப்பமரம் நின்றாலே முகம் சுளிக்கிற விவசாயி அவர். நிழல் விழுந்த இடத்தில் விளைச்சல் குறைவதைக் கண்ணால் பார்த்தவர். "காபி அப்படியில்லீங்ணா, அதுக்கு மேல குடை வேணுமுங்க" என்று கெஞ்சாத குறையாகச் சொன்னேன்.

"கோயமுத்தூரு ஆர்.எஸ்.புரத்துச் சம்பந்தி வந்து பார்த்துப்போட்டு, இது தோட்டமா, வனமான்னு கேக்கறாருங்க தம்பி. வெள்ளாமைன்னா ரோட்டுல நின்னாலே தெரியோணுமுங்க."

கொம்பு ஒடியக் காய்த்தது

மரங்கள் போன பிறகு வந்த முதல் காப்பு பிரமாதம். திடீரென்று வெயில் பட்ட காபிச் செடி இருக்கிற சத்தையெல்லாம் கொட்டி ஒருமுறை காய்க்கும், அப்புறம் துவண்டுவிடும். இதைச் சொல்ல வாயெடுத்தேன். அண்ணன் பழம் சிவந்த கிளை ஒன்றை ஒடித்துக்கொண்டு வந்து என் மேசைமேல் வைத்தார். பண்ணையில் நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன், வேறென்ன செய்ய?

"ஏனுங்க தம்பி, கன்னு விக்கறதுக்காக இப்படியுமா பயங்காட்டுவீங்க?"

வராத மழை

அடுத்தடுத்த கோடைகளில் மலையின் குணமே மாறியது. பங்குனியில் பெய்து காபியைப் பூக்கவைக்கிற மழை ஏமாற்றியது. பெய்தாலும் வேண்டாத மாதத்தில் கொட்டியது. மேட்டுப்பாளையத்து வெயில் பஸ் ஏறி மலைக்குப் போய்விட்டது என்று நாங்கள் கேலி பேசிக்கொண்டோம்.

கன்று இறக்கப் போன ஒருநாள் அண்ணன் தோட்டத்துக்குள் நுழைந்தேன். பக்கத்துத் தோட்டத்தில் மரங்களுக்கு அடியில் சருகு மூடிய மண் இன்னும் ஈரமாக இருந்தது, செடிகள் சோர்ந்தாலும் பச்சையாக நின்றன. இங்கே இலைகள் கருகிக் கிடந்தன. தண்டைத் துளைக்கிற புழு பாதிச் செடிகளைத் தின்றிருந்தது. நான் சொன்னது பலித்ததில் எனக்குத் துளிகூடச் சந்தோஷமில்லை. அக்கா காபி கொடுத்தார், கடையில் வாங்கிய தூளில் போட்டது.

"வெயிலுக்குப் பயந்துதானுங்க மலையேறுனோம். இப்ப அதையும் நாங்களே கூட்டிட்டு வந்துபோட்டோமுங்க" என்றார் அக்கா.

வாசல் பலா

அண்ணன் கடைசியாக வந்தது ஒரு வைகாசியில். நிழலுக்குச் சீக்கிரம் வளரட்டும் என்று, வெட்டி நட்டாலே துளிர்க்கிற முள்ளுமுருங்கைப் போத்தும் சில்வர் ஓக் கன்றும் எடுத்து வைத்தேன். வேனில் ஏற்றச் சொன்னார். ஏற்றிய பிறகும் கிளம்பவில்லை. பண்ணை வாசலில் நின்ற பலா மரத்தடிக்குப் போய், துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தார். அவர் வெட்டியது இதைவிடப் பெரிய மரம்.

"இத்தன உசரம் வர எத்தன வருசமாகுமுங்க தம்பி? எனக்கு இப்பவே அறுவத்திமூணாச்சுங்க."

எந்த மரம் கேட்டாலும் என் பண்ணையில் கன்று கிடைக்கும், நிழல் மட்டும் ஸ்டாக் இல்லை.