காலியாகத் திரும்பி வந்த கட்டங்கள்

ஈர விறகு எரியும் புகை எங்காவது மூக்கில் பட்டால் எனக்குக் குறுக்கெழுத்துக் கட்டங்கள் நினைவுக்கு வரும். கரியாலூரிலிருந்து மாலைப் பேருந்தில் இறங்கி வரும் எங்கள் செய்தித்தாளில் அந்த வாசனைதான் இருக்கும். மலைப் பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்தில், அடுப்புக்குப் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்துதான் டீச்சர் புதிரை முடிப்பார்.

நாங்கள் மூன்று பேர். கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்துக்கு எதிரே நூலும் பொத்தானும் விற்கும் பாய், கோர்ட்டுப் பக்கம் தட்டச்சு செய்யும் நான், மலைமேல் டீச்சர். ஒரு நாள் பொத்தான் வாங்க வந்த டீச்சர், நானும் பாயும் முட்டிக்கொண்டிருந்த சொல்லை எதிர்ப்பக்கம் நின்று தலைகீழாகவே படித்துச் சொல்லிவிட்டுப் போனார். அதிலிருந்து ஓர் ஏற்பாடு. இடமிருந்து வலமும் வலமிருந்து இடமும் படுத்துக் கிடக்கும் சொற்கள் எங்களுக்கு. மேலிருந்து கீழும் கீழிருந்து மேலும் நிற்கும் சொற்கள் டீச்சருக்கு. காலை முதல் பேருந்தின் கண்டக்டர் தாளை மேலே கொண்டுபோய் அவரிடம் கொடுப்பார். மாலையில் அது நிரம்பி இறங்கும். போனில் பேசக்கூடாது. விடை காதில் விழுந்தால் ஆட்டமே செத்துவிடும் என்பார் பாய். அதனால் டீச்சரின் எண்ணைக்கூட நாங்கள் வாங்கி வைக்கவில்லை. எழுதுவது பென்சிலால் மட்டும்.

அந்தக் கடைசி விதியைத்தான் நான் மீறினேன்.

ஐப்பசி மழை பிடித்திருந்த வாரம். 'மழை வரப்போவதைச் சொல்லும்', மூன்று கட்டம். டீச்சர் 'தும்பி' என்று எழுதி அனுப்பியிருந்தார். குறுக்கே ஓடிய சொல் எங்களுக்கும் வரவில்லை. என்ன வேகமோ, சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்துத் தும்பியை அடித்து, மேலே 'தவளை' என்று எழுதினேன். ஓரத்தில், "மலையில தவளையே கத்தாதா டீச்சர்?" என்று ஒரு குத்தல் வேறு.

"இன்னா சார், பேனாவால அடிக்கிறீங்க? அவங்க என்னா உங்க கோர்ட்டு மனுவா?" என்றார் பாய்.

மறுநாள் காலை அந்தத் தாளைப் புதுத் தாளுக்குள் மடித்து வைத்து அனுப்பினோம். பேருந்து போன பிறகுதான் பாய் அன்றைய செய்தித்தாளின் மிச்சப் பக்கங்களைப் புரட்டி, முந்தின நாள் புதிரின் விடைப் பகுதியைப் பார்த்தார். பார்த்துவிட்டு என் பக்கம் திருப்பி வைத்தார். தும்பி.

அன்று மாலை தாள் காலியாக வந்தது. எங்கள் சொற்கள் படுத்த இடத்தில் படுத்திருந்தன. நிற்கும் சொல் ஒன்றுகூட இல்லை. நான் கிறுக்கிய தாளும் மடித்த மடிப்பு கலையாமல் உள்ளேயே இருந்தது. இரண்டாம் நாளும் காலி. மூன்றாம் நாளும். முகர்ந்து பார்த்தேன். புகை இல்லை, தோல் பையும் டீசலும்தான் மணத்தன. அடுப்புப் பக்கம்கூடக் கொண்டுபோகாமல் கோபத்தோடு திருப்பி அனுப்பிவிட்டார் என்று எடுத்துக்கொண்டேன்.

ஓரிடத்தில் நிற்காத கால் எனக்கு. வீட்டில் சாப்பிடும்போதுகூட ஆடும். பாய் கடையில் புதிர் போடும் அந்த அரை மணி நேரம் மட்டும்தான் அது அடங்கும். இப்போது அங்கேயும் ஆடியது. ஐம்பதை நெருங்கும் வயதில் ஒரு தவளையால் இதைத் தொலைத்துவிட்டேனே என்று தூக்கம் பிடிக்கவில்லை.

"போயி மன்னிப்பு கேட்டுட்டு வாங்க சார்," என்றார் பாய். "நீங்க இல்லன்னா நான் ஒருத்தனே சமாளிச்சிக்குவேன். அவங்க இல்லன்னா நாம ரெண்டு பேரும் பாதி ஆளுதான்."

நான்காம் நாள் அன்றைய தாளைக் கையில் பிடித்துக்கொண்டு, கிறுக்கிய தாளைப் பையில் வைத்துக்கொண்டு முதல் பேருந்தில் ஏறினேன். கண்டக்டர் புதியவர். சீட்டைக் கிழித்துக்கொண்டே, "இன்னிக்கி நீங்களே எடுத்துக்கினு வர்றீங்களா? எனக்கு வேல மிச்சம்," என்றார். என் காதில் விழுந்தது, மனதில் விழவில்லை. மன்னிப்பை எந்தச் சொல்லில் தொடங்குவது என்று வளைவுக்கு வளைவு மாற்றிக்கொண்டிருந்தேன்.

கரியாலூரில் இறங்கியபோது டீச்சர் நிறுத்தத்திலேயே குடையோடு நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது.

"பாய் நல்லா இருக்காருங்களா சார்?"

"நல்லாத்தான் இருக்காரு. ஏன் டீச்சர்?"

"நாலு நாளா இங்க வந்து நிக்கிறேன். பழைய கண்டக்டரும் காணோம், புது ஆளு கையில பேப்பரும் காணோம். பாய்க்குத்தான் ஒடம்புக்கு ஏதோ ஆயிடுச்சின்னு..."

நான் திரும்பிக் கண்டக்டரைப் பார்த்தேன்.

"என்ன ஏன் பாக்கறீங்க?" என்றார் அவர். "மேல எடுத்துக்கினு போயி சாயங்காலம் பத்திரமா கொண்டாந்துடுன்னாரு பாய். கொண்டாந்தனா இல்லியா? யாருக்குக் குடுக்கணும்னு சொன்னாரா? ஏதோ வேண்டுதல்னு நெனச்சிக்கினேன்."

பழைய கண்டக்டரிடம் பழகிய பாயின் வாய், புதியவரிடமும் பழைய வாக்கியத்தையே பாதி சொல்லியிருக்கிறது. டீச்சர் குடையைப் பிடித்தபடியே குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். நெஞ்சிலிருந்து ஒரு மூட்டையை யாரோ இறக்கி வைத்த மாதிரி நானும் சிரித்தேன். அவர் அந்தத் தாளைப் பார்க்கவே இல்லை! அதைக் கசக்கி ஓடைப் பக்கம் எறிந்துவிடலாம். கை பைக்குள் போயும்விட்டது.

எடுத்து, பிரித்து, அவரிடமே நீட்டினேன். எறிந்திருந்தால் இனி ஒவ்வொரு கட்டத்திலும் அது எனக்கு மட்டும் தெரிந்துகொண்டே இருந்திருக்கும்.

டீச்சர் நின்றபடி படித்தார். விடை எது என்று நான் சொன்னேன். தலைக்கு மேலே, மழை விட்ட வெளிச்சத்தில், உண்மையான தும்பிகள் தாழப் பறந்தன. அவர் கைப்பையிலிருந்து பென்சிலை எடுத்தார். பேருந்து திரும்பக் கிளம்புவதற்குள், நிறுத்தத்துச் சிமெண்டுக் கட்டையில் உட்கார்ந்து அன்றைய நிற்கும் சொற்களை மளமளவென்று நிரப்பினார். ஒரே ஒரு சொல்லில் தயங்கி, எழுதி, ரப்பரால் அழித்து, மறுபடி எழுதினார்.

கண்டக்டர் விசில் ஊதினார். ஏறி உட்கார்ந்த என்னிடம் ஜன்னல் வழியாகத் தாளை நீட்டினார் டீச்சர்.

"இதுவும் தப்பா இருந்தா அடிங்க சார். பென்சில்ல அடிங்க."

"சரிங்க டீச்சர்."