திருப்பி வாசிக்கத் தெரியாத கொப்பி

இரண்டாம் உலக யுத்தத்தில் எதிரியின் இரகசியச் சங்கேதத்தை உடைக்கும் ஒரு பெண்ணைப் பற்றி நாவல் எழுதுகிறேன். மூன்று வருடமாகப் பதினோராம் அத்தியாயத்திலேயே நிற்கிறது. பிடிபட்ட நாயகி விசாரணையிலிருந்து தப்பி, மறுநாளே வேலைக்குத் திரும்ப வேண்டும். "விறுவிறுப்பு பத்தலைங்க" என்கிறார் பதிப்பாளர். எனக்கு அலுத்துவிட்டது. அவளைத் திரும்பப் போகவைக்க என்னால் முடியவில்லை.

நம் நாட்டில் நடந்த உள்நாட்டு யுத்த காலத்தில், பத்தொன்பது வயதில், ஸ்பிரிங்வெளி தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டிலிருந்து பதுளை டவுனுக்குச் சுருக்கெழுத்து படிக்கப் போனேன். பரீட்சை பாஸானால் கந்தோரில் எழுத்து வேலை. இல்லாவிட்டால் அம்மாவோடு கொழுந்துக் கூடை. ஒருநாள் பஸ்ஸை மறித்துச் சோதித்த ஆமிக்காரர்கள் என் கொப்பியைத் திறந்தார்கள். பக்கம் பக்கமாக வளைவும் கோடும் புள்ளியும். என்னை மட்டும் இறக்கினார்கள்.

சுருக்கெழுத்து என்று சொன்னேன். "அப்ப வாசி" என்றார் தமிழ் தெரிந்த அதிகாரி. அங்கேதான் மாட்டிக்கொண்டேன். வேகமாக எழுத வருமே தவிர, எழுதியதைத் திருப்பி வாசிக்க எனக்கு வராது. மாஸ்டர் அதற்காகவே தினமும் திட்டுவார். வாயில் வந்த ஒரு கடிதத்தைச் சொல்லிவைத்தேன். அதிகாரி கெட்டிக்காரர். ஒரு மணித்தியாலம் கழித்து அதே பக்கத்தைக் காட்டி மறுபடி வாசிக்கச் சொன்னார். இந்த முறை வேறு கடிதம் வந்தது. அதன்பிறகு யாருக்கு, என்ன செய்தி என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.

பஸ் கண்டக்டர் லயத்துக்குச் சொல்லியனுப்பியிருந்தார். சாயங்காலம் அப்பா மாஸ்டரைக் கூட்டிக்கொண்டு வந்தார். மாஸ்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கடகடவென்று வாசித்தார். பழுதான தையல் மெஷினைப் பற்றிய புகார்க் கடிதம். விட்டுவிட்டார்கள்.

"பரீட்சைக்கு எட்டு நாளுதான் இருக்கு புள்ள. நாளைக்கு நானும் கூட வர்றேன். ஒரு நாள் பேரும் சம்பளமும் போனா போகட்டும்" என்றார் அப்பா.

காலையில் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வாசலில் நின்றார்.

"கொப்பி எங்க?"

"அடுப்புல வச்சு எரிச்சிட்டேன்ப்பா. நா போகல."

அவர் சட்டையைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு வேலைக்குப் போனார். நானும் அம்மாவின் பின்னால் கூடையோடு மலை ஏறினேன்.

படிப்பு ஏன் நின்றது என்று கேட்டவர்களுக்கெல்லாம் யுத்தம் என்றே சொல்லிவந்திருக்கிறேன். அப்பாவைக் கேட்டவர்களுக்கு அவரும் அதையேதான் சொன்னார். சாகும்வரை என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.